பழைய டீசல் லாரியில் எண்ணெய் அழுத்தம்: இயல்பான அளவை அறியும் முறை

தோகா நகரின் நஜ்மா பகுதியிலுள்ள ஹராஜ் சந்தை பழைய மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்றது. கட்டில், அலமாரி போன்றவற்றை ஏற்றிச் செல்லும் லாரிகள் நான்கைந்து இலட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னரும் உழைப்பதுண்டு. கோடை நண்பகலில் சிக்னலில் நிற்கும்போது அத்தகைய லாரியின் ஆயில் பிரஷர் முள் தாழ்ந்தால், எஞ்சின் முடிந்துவிட்டதென்று ஓர் ஓட்டுநர் அஞ்சுகிறார். மற்றொருவர் பழைய வண்டி அப்படித்தான் என்று தொடர்ந்து ஓட்டுகிறார். அளந்து பார்க்காதவரை இவ்விருவர் முடிவும் ஊகமே. அளக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அழுத்தம் ஏன் குறைகிறது?

எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் அனுப்புகிறது. குறுகிய இடைவெளிகளில் எண்ணெய் தடைபட்டுச் செல்வதால் அழுத்தம் உண்டாகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி அகலும், எண்ணெய் எளிதாக வழிந்துவிடும், அழுத்தம் குறையும். வெப்பத்தால் எண்ணெய் இளகினாலும் அதே விளைவுதான். எனவே எஞ்சின் நன்கு சூடேறி, மெதுவாக ஓடும் ஐடில் நிலையில்தான் அதன் உண்மையான நிலை வெளிப்படும். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் முள் உயரே நிற்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

இயல்பான அளவு எது?

எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. உரிய அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் டாடா லாரிகள் பலவற்றில் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்கு, சூடான ஐடில் நிலையில் குறைந்தது 10 பிஎஸ்ஐ (சுமார் 0.7 பார்), முழு வேகத்தில் குறைந்தது 30 பிஎஸ்ஐ (சுமார் 2.1 பார்) இருக்க வேண்டும். இவை கடைசி எல்லைகள். நல்ல எஞ்சினில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கையேடு கிடைக்காதபோது, ஒவ்வோர் 1000 சுற்று வேகத்துக்கும் 10 பிஎஸ்ஐ என்னும் பட்டறை வழக்கைத் தற்காலிக அளவுகோலாகக் கொள்ளலாம்.

அளக்கும் முறை

1. லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. இப்பணிக்கு அதிகாலையே ஏற்றது.

2. எஞ்சினை நிறுத்திச் சுமார் பத்து நிமிடங்களுக்குப் பின் டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் முதலில் நிரப்ப வேண்டும். ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசினால் எரிபொருள் கலந்துள்ளது. பால்நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இவ்விரு நிலையிலும் வண்டியை இயக்கலாகாது.

3. எஞ்சின் ஆறிய நிலையில் ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி, அவ்விடத்தில் குழாயுடன் கூடிய மெக்கானிக்கல் கேஜைப் பொருத்த வேண்டும். டேஷ்போர்டு முள் மின்சாரத்தால் இயங்குவது. பழுதான சென்சாரும் துருப்பிடித்த வயரும் பொய் சொல்லக்கூடும்.

4. எஞ்சினை இயக்கி, கசிவு இல்லையென்று உறுதி செய்தபின் முழுமையாகச் சூடேற்ற வேண்டும். பிறகு ஐடிலிலும், 1000, 2000 சுற்றுகளிலும் அளவைப் பார்க்க வேண்டும். குழாய் சூடான பாகங்களிலும் விசிறியிலும் படலாகாது.

5. தேதி, ஓடிய தூரம், எண்ணெயின் வகை, மூன்று அளவுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

எண்ணை எவ்வாறு படிப்பது?

ஐந்தாம் படியே இப்பாடத்தின் உயிர். சூடான ஐடிலில் ஈராண்டாக 15 பிஎஸ்ஐயில் நிலைத்து நிற்கும் லாரி, தேய்ந்திருந்தாலும் நம்பத்தக்கது. போன மாதம் 25 காட்டி இம்மாதம் 15 காட்டும் லாரியே ஆபத்தில் உள்ளது. இரண்டும் 10 என்னும் எல்லைக்கு மேலேதான் நிற்கின்றன. நோட்டு இல்லாதவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அழுத்தம் குறைந்திருந்தால் செலவு குறைந்த காரணங்களிலிருந்து தொடங்குவது முறை: எண்ணெயின் மட்டம், அதன் தரம், ஃபில்டர், சம்பில் அடைபட்ட வலை, சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வு, பம்ப், இறுதியாகப் பேரிங். கையேடு 15டபிள்யூ-40 கேட்கும் எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் முள் உயரும். ஆனால் தேய்மானம் மறையாது.

ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் வழக்கமும் கவனத்துக்குரியது. அந்நேரம் கிலோமீட்டர் கணக்கில் ஏறுவதில்லை. எண்ணெயோ பழையதாகிக்கொண்டே இருக்கிறது. அத்தகைய லாரிக்குக் கிலோமீட்டரை மட்டும் நம்பாமல், ஓடிய மணிநேரத்தையும் கருதி எண்ணெய் மாற்ற வேண்டும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

ஓட்டத்தின்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, முள் பூச்சியத்தில் விழுந்தாலோ, எஞ்சினின் அடியிலிருந்து கனத்த தட்டும் ஓசை கேட்டாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். பட்டறை அருகில்தான் என்று எண்ணி ஓட்டிச் செல்லலாகாது. அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலும் கிராங்க் ஷாஃப்ட் பாழாகக்கூடும். சென்சார் மாற்றும் செலவு எஞ்சின் மாற்றும் செலவாகிவிடும்.

லாரி பெரும்பாலும் நிறுவனத்துடையது. எஞ்சின் பிடித்துக்கொண்டால் முதற்கேள்வி ஓட்டுநரிடமே வரும். மாதம் ஒருமுறை எழுதிய அளவையும், குறைவு கண்ட அன்றே மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்த செய்தியையும் வைத்திருப்பவரிடம் அதற்கு விடை இருக்கும்.