கடைக் கட்டடம் வாங்குமுன் எந்த சர்வேயரை அழைப்பது?

நிறுவனம் ஒரு வணிகக் கட்டடத்தை வாங்க முடிவெடுத்துவிட்டது. “நல்ல சர்வேயராப் பாத்து ஏற்பாடு பண்ணிடுங்க” என்று பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. யாருக்கும் போன் போடுவதற்கு முன், நிறுவனத்துக்கு என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இடத்தின் அளவும் எல்லையுமா, கட்டடத்தின் பலமா, விலையா? இந்த மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றையும் நானே ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் இடம். தமிழ்நாட்டில் எல்லைத் தகராறு என்று வந்துவிட்டால், 1923-ம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டத்தின் கீழ் அரசு அளந்து வைத்திருக்கும் பதிவைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். தனியார் சர்வேயரின் வரைபடம் அதற்கு மாற்று ஆகாது. வாங்கலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க மட்டுமே அது உதவும். ஆகவே பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடிப்பவர் போதாது. எஃப்.எம்.பி. எனும் புலப்படம், நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு, பத்திரத்திலுள்ள நான்கு எல்லை விவரம் ஆகியவற்றை, டோட்டல் ஸ்டேஷன் எனும் மின்னணு அளவைக் கருவி வைத்துத் தரையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு இடிக்கிறது என்று எழுதித் தருபவர் வேண்டும். 40 அடி முகப்பும் 120 அடி ஆழமும் உள்ள இரண்டு கிரவுண்டு மனையில், பக்கத்துச் சுவர் நெடுக ஓர் அடி உள்ளே வந்திருந்தால் 120 சதுர அடி போய்விடும். கடைவீதியில் அது சின்னத் தொகையல்ல. அளவு இடித்தால், அரசு அளவையர் வந்து எல்லையைக் காட்டும்வரை முன்பணத்தை நிறுத்தி வையுங்கள்.

அதே சர்வேயரிடம் கட்டடத்தையும் மாடிவாரியாக அளந்து, அப்ரூவல் பிளானோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 2011-ல் சென்னை தி.நகரில் விதி மீறிக் கட்டிய வணிகக் கட்டடங்களுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) சீல் வைத்தது பலருக்கு நினைவிருக்கும். பிளானில் கார் நிறுத்தமாகக் காட்டிய தரைக்கீழ்த் தளம் இன்று குடோனாக இருக்கலாம். மொட்டை மாடியில் ஷீட் போட்டு ஓர் அலுவலகமே நடக்கலாம். பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தில் ஜெனரேட்டர் நிற்கலாம். வாங்கிய பிறகு இவற்றுக்கு வரும் நோட்டீஸ் உங்கள் நிறுவனத்தின் பெயருக்குத்தான் வரும்.

இனி பலம். பெரும்பாலான நிறுவனங்கள் கோட்டை விடுவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. புதுப் பெயின்ட் அடித்த தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு சார்” என்று சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் தேவையில்லை. கான்கிரீட்டை அவர் எப்படிச் சோதிக்கப் போகிறார் என்று கேளுங்கள். ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும்; உள்ளே விரிசலோ பொத்தலோ இருக்கிறதா என்று அறிய மீயொலிச் சோதனை வேண்டும். பழைய கட்டடமென்றால் இன்னொன்றும் அவசியம். தூணின் ஓரத்தில் சிறிது கான்கிரீட்டைப் பெயர்த்து, அந்தப் புதுப் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறி, காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். அந்த நிறமற்ற பட்டை கம்பி வரை போயிருந்தால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாக்கும் என்பதால், குளோரைடு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் புத்தகக் கிடங்கோ மேலே கனத்த இயந்திரமோ வைக்கும் எண்ணமிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அலுவலகச் சுமைக்குக் கணக்கிட்ட தளம் கிடங்குச் சுமையைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

விலை மதிப்பீடு எளிது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் ஐ.பி.பி.ஐ. எனும் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரா, அந்தப் பதிவு நிலம்–கட்டடப் பிரிவில்தானா என்று பாருங்கள். இயந்திரப் பிரிவில் பதிவு பெற்றவர் இதற்கு உதவமாட்டார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் கடனைக் காக்க வருபவர்; உங்கள் பேரத்துக்கு உங்கள் ஆள் தனியாக வேண்டும்.

புரோக்கரோ விற்பவரோ “நம்ம ஆளு” என்று கைகாட்டும் யாரும் வேண்டாம். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரும் வேண்டாம். மதிப்பு ஏறினால் அவருக்கு லாபம். மொத்தத் தொகையாகப் பேசுங்கள். பெயர்களை மறைத்து, முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பார்க்க முடியாத இடங்களையும் செய்யாத சோதனைகளையும் அதில் வெளிப்படையாகக் குறித்திருந்தால் அவர் நாணயமானவர். எல்லாமே “திருப்திகரம்” என்றிருந்தால் அடுத்தவரைத் தேடுங்கள். தளத்துக்கு அவரே வருவாரா, உதவியாளரை அனுப்பிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவாரா என்பதையும் நேரடியாகவே கேட்டுவிடலாம்.

வேலை ஆணையில் இவை இருக்கட்டும்: செய்ய வேண்டிய சோதனைகள், எத்தனை தூண்கள், எந்தெந்தத் தளங்கள், பதிவு எண்ணோடு கையெழுத்து, அறிக்கை தரும் தேதி. கேட் (CAD) வரைபடக் கோப்பும், அளவுப் புள்ளிகளும், தேதியிட்ட புகைப்படங்களும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி சேருங்கள். கட்டணத்தில் கடைசிப் பகுதியை அந்தக் கோப்புகள் கைக்கு வந்த பிறகு விடுவியுங்கள்.