8.7 எப்படி 10 ஆனது?

கேள்வி: நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ ஆல்பத்துக்கு இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் 1998-ல் 8.7 மதிப்பெண் கொடுத்தது. 2005-ல் மறுவெளியீடு வந்தபோது அதே பிட்ச்ஃபோர்க் 10-க்கு 10 போட்டது. பாட்டு ஒன்றும் மாறவில்லையே! எதை நம்புவது? எனக்கோ பாடுகிறவரின் குரலே ஒட்டவில்லை.

பதில்: பாட்டு மாறவில்லை, கேட்கிற காது மாறிவிட்டது. 1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெர்ஜ் என்ற சிறிய நிறுவனம் இதை வெளியிட்டபோது, சில ஆயிரம் பிரதிகள் போனாலே போதும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ரோலிங் ஸ்டோன் இதழ் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது. அதோடு ஒப்பிட்டால் 8.7 தாராளமான மதிப்பெண்தான்.

அன்றைய விமர்சகர்கள் தயங்கியதில் எனக்கு வியப்பில்லை. 1997 கோடையில் டென்வரில், ஒரு வீட்டுக்குள் இயங்கிய ஸ்டுடியோவில், ராபர்ட் ஷ்னைடர் தயாரிப்பில் பதிவான ஆல்பம் இது. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரையே கரகரவென்று உடையும் அளவுக்கு முறுக்கிவிட்டிருக்கிறார்கள். வில்லால் இழுத்து வாசிக்கும் ரம்பம் ஒரு பக்கம் ஊளையிட, ஸ்காட் ஸ்பிலேனின் பித்தளை ஊதுகருவிகள் சவ ஊர்வலமா கல்யாண ஊர்வலமா என்று சொல்ல முடியாதபடி நுழைகின்றன. வரிகளில் ஆன் ஃபிராங்கின் சாயல் விழுந்துகொண்டே இருக்கிறது. குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கம் அவளுடைய நாட்குறிப்பைப் படித்து நிலைகுலைந்து போனதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வதைமுகாமில் இறந்துபோன ஒரு சிறுமிக்காக ஒரு ராக் பாடகர் இப்படிக் கதறுவதை எங்கே வைப்பது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அந்த ஆல்பத்துக்கான இசைப்பயணம் முடிந்ததும் மாங்கம் ஒதுங்கிப் போனார். அடுத்த ஆல்பம் இன்றுவரை வரவில்லை. 1998-ல் எழுதியவருக்கு இது ஒரு இளம் குழுவின் இரண்டாவது ஆல்பம். 2005-ல் எழுதியவருக்கோ, காணாமல் போனவர் விட்டுச்சென்ற கடைசி வார்த்தை. இன்னொன்று, இந்த ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் குழு அமைத்தார்கள். ஆர்கேட் ஃபயரின் ‘ஃபியூனரல்’ 2004-ல் இதே மெர்ஜ் வழியாகத்தான் வந்தது. கூட்டமாக வாசித்து, தொண்டை கிழியப் பாடி, மரணத்தைப் பற்றி வெட்கமில்லாமல் அழும் இசைக்கு அதற்குள் கேட்பவர்கள் பழகிவிட்டார்கள்.

அந்த 10-ல் மாங்கமின் மௌனத்துக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர் ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு பக்தி சேர்ந்திருக்காது. ஆனாலும் கதையைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் இது பெரிய ஆல்பம்தான். ‘ஓ கம்லி’யைக் கேளுங்கள்: எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, பெரும்பகுதி ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும். ஒரே மூச்சில் பாடி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த சக கலைஞர் வியப்பில் கத்தியதுகூட அப்படியே பதிவில் இருக்கிறது.

குரல் விஷயம். அவர் சுருதியைத் தாண்டிப் போவது உண்மைதான். எட்டாத இடத்துக்கும் எட்டிப் பார்ப்பார். அதை மெருகேற்றியிருந்தால் இந்த வரிகள் நடிப்பாகிப் போயிருக்கும். ‘ஹாலந்து, 1945’-இலிருந்து தொடங்குங்கள். ட்ரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்து விரட்டும் அந்த வேகத்தில் குரல் உறுத்தாது. அது பிடித்தால் முதல் பாட்டுக்குத் திரும்பி, நாற்பது நிமிடத்தையும் வரிசை மாற்றாமல் ஒரே மூச்சாகக் கேளுங்கள். பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடுகின்றன. தனித்தனியாகப் பிய்த்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அப்படிக் கேட்டும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், 10-க்கு 10 என்பதற்காகப் பிடித்தாக வேண்டும் என்றில்லை.