குடியும் வருத்தமும் ஒன்றாய் வந்தால்

"முதல் குடியை விடட்டும் சுவாமி, பிறகு சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கலாம்." கிராமக் கூட்டங்களில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். "ஈரல் வருத்தம் மாறட்டும், குடியைப் பிறகு பார்ப்போம்" என்போரும் உண்டு. இரண்டு பேச்சினாலும் நோயாளி இரண்டு வாசலுக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறார். குடிப்பழக்கமும் ஒரு நோய்தான். அதையும் மற்ற வருத்தத்தையும் ஒரே காலத்தில், வைத்தியருக்கு இரண்டும் தெரிந்திருக்க, கவனிக்க வேண்டும். இந்தப் பாடத்தில் இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

2006 இல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கங்களிலிருந்து எழும்பிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தன. வயல் இல்லை, மாடு இல்லை, இரவில் உறக்கமும் இல்லை. உறக்கத்துக்கென்று தொடங்கிய கசிப்பு, 2015, 2016 இல் காணிகள் திரும்பக் கிடைத்த பின்னரும் சிலரை விடவில்லை. அன்று நாற்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதை எட்டுகிறார். குடியோடு சீனியும் பிரஷரும் சேர்ந்துவிட்டன.

இப்படிப்பட்டவர்களை வாசலில் நிறுத்துவது புதிய வழக்கமல்ல. அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1939 இல் குடிநோயாளரை ஆஸ்பத்திரிகள் ஏற்க விரும்பவில்லை. அங்கே புனித தோமையார் மருத்துவமனையில் அனுமதிப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, வைத்தியர் ரொபர்ட் ஸ்மித்துடன் சேர்ந்து, ஒரு குடிநோயாளரை "வயிற்றழற்சி" என்று எழுதிக் கட்டில் கொடுத்தார். நோயின் பெயரை மாற்றி எழுதித்தான் கதவைத் திறக்க முடிந்தது! இன்று எமது நாட்டில் அந்த மறைப்பு தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இரண்டுக்கும் இலவசமாகவே மருந்து கிடைக்கும். மறைப்பது பெரும்பாலும் நாங்கள்தான். கசிப்பு என்று சொன்னால் பொலிசுக்குப் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. வைத்தியர் பொலிஸ் அல்லர். மருந்தையும் அதன் அளவையும் தீர்மானிக்கவே அவர் கேட்கிறார்.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனி வருத்தத்தைப் பாருங்கள். இன்சுலின் ஊசி போடுபவர், அல்லது சீனியை இறக்கும் சில குளிசைகளைப் பாவிப்பவர், சாப்பிடாமல் குடித்தால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். குறைந்த சீனியை ஈடுசெய்வது ஈரலின் வேலை. மதுசாரம் அந்த வேலையைத் தடுக்கிறது. அவர் வியர்ப்பார், தள்ளாடுவார், பேச்சுக் குழறும். வீட்டார் "வெறி, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். காலையில் அவர் எழும்பாமலே போகலாம். ஆகவே சீனி வருத்தக்காரரின் வெறியை வெறும் வெறியென்று நம்பவேண்டாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அறிவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, நல்லெண்ணத்தால் வருவது. பல வருடம் தினமும் குடித்தவர் கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு ஒரேயடியாக நிறுத்துகிறார். சத்தியத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் குடிக்குப் பழகிய மூளைக்கு அது தெரியாது. முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் இல்லாத ஆட்களைக் காண்பதும் பிதற்றுவதும் வரலாம். இது உயிரையும் எடுக்கும். முன்பு வலிப்பு வந்தவர், இருதய வருத்தமோ ஈரல் வருத்தமோ உள்ளவர், வயதானவர் ஆகியோர் வீட்டில் நிறுத்திப் பார்க்கவே கூடாது. வைத்தியசாலையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 விற்றமினும் கொடுத்துச் சில நாட்களில் பாதுகாப்பாக நிறுத்தலாம். மற்ற வருத்தம் இருப்பது காத்திருக்கச் சொல்லும் காரணமல்ல, சீக்கிரம் போகச் சொல்லும் காரணம்.

காசநோய்க்கும் இது பொருந்தும். அதன் மருந்துகள் சில ஈரலைத் தாக்கக்கூடியவை. குடியும் ஈரலைத்தான் தாக்குகிறது. அதற்காகக் குடிக்கும் நாளில் மருந்தை விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். குடிப்பதை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சொன்னால் ஈரலைச் சோதித்துக்கொண்டே மருந்து தருவார்கள்.

மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. குடியை வெறுக்கவைக்கும் குளிசையென்று யாரோ தருவதைத் தேநீரில் இரகசியமாகக் கலக்காதீர்கள். டைசல்பிராம் என்ற அந்த மருந்தோடு குடித்தால் வாந்தி வரும், பிரஷர் சடுதியாக விழும். இருதய நோயாளி இறந்தும் போகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே அது கொடுக்கப்பட வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும், பாவிக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கொண்டுபோங்கள். என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்குக் கால் போத்தலா, அரைப் போத்தலா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கத்தில் நாக்கு எழும்பாவிட்டால் துண்டை நீட்டினாலும் போதும். மூதூர் தள வைத்தியசாலையிலோ திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் சொல்லி, மனநல வைத்தியரிடம் அனுப்பும்படி கேட்கலாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் நகரத்துக்குப் போகும் வழி சுலபமாகியிருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை கேட்கத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு. தமிழிலும் பேசலாம்.

கூட்டத்திற் பேசுவதற்கு:

எமது கிராமத்தில் வெறியென்று படுக்கவிடப்படுபவர்களில் சீனி வருத்தக்காரர் எத்தனை பேர்?

இரவில் வலிப்பு வந்தால் யாருடைய ஓட்டோ வரும்? அதற்குரிய காசைச் சங்கம் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க முடியுமா?

கணவர் வாட்டில் இருக்கும் நாட்களில் அவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்டப்போவது யார்?