பிராசஸருக்கு லிக்விட் கூலர்: காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

புதுசா கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? பட்ஜெட் லிஸ்ட் எழுதும்போது பெரும்பாலும் நடக்குறது இதுதான். பிராசஸர், மதர்போர்டு, ரேம் எல்லாம் முடிவாகும். கடைசியில் "360 மி.மீ. லிக்விட் கூலர், ஆர்ஜிபியோட" என்று ஒரு வரி வந்து உட்காரும். அந்த ஒரு வரிக்காக கிராபிக்ஸ் கார்டு ஒரு படி கீழே இறங்கும். பெரும்பாலான கேம்களில் ஃபிரேம் ரேட்டைத் தீர்மானிப்பதே அந்த கார்டுதான். அதனால அந்த வரி தேவையா என்று கணக்குப் போட்டே பார்த்துடுவோம். முதல் வருஷ பிசிக்ஸ் போதும்.

லிக்விட் கூலர் ஃபிரிட்ஜ் இல்லைங்க. பிராசஸர் மேல் உட்காரும் செம்புத் தட்டு சூட்டை வாங்குது. பம்ப் அந்தச் சூடான திரவத்தை ரேடியேட்டருக்குத் தள்ளுது. அங்கே ஃபேன் அந்தச் சூட்டைக் காத்துக்கு மாத்துது. எப்படிச் சுத்தினாலும் சூடு போய்ச் சேருறது உங்க ரூம் காத்துலதான். ரூம் 36 டிகிரி என்றால் திரவம் அதுக்குக் கீழே போகவே போகாது. (அதனாலதான் கூலர் மேல ஈரம் கோத்து மதர்போர்டு போயிடுமோ என்ற பயமும் தேவையில்லை.)

இப்போ ஓம் விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. வோல்டேஜுக்குப் பதில் வெப்பநிலை வித்தியாசம், கரண்டுக்குப் பதில் வாட், ரெசிஸ்டன்ஸுக்குப் பதில் வெப்பத் தடை. பிராசஸர் சூடு = ரூம் சூடு + (வாட் × வெப்பத் தடை). மொத்தத் தடை ஒரு வாட்டுக்கு 0.25 டிகிரி என்று வெச்சுக்குவோம். 200 வாட் என்றால் 50 டிகிரி ஏறும். 22 டிகிரி ஏசி ரூமில் 72. மே மாசம் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி ரூமில் அதே கூலர், அதே பிராசஸர், 86. வெளிநாட்டு ரிவ்யூ வீடியோ பார்த்துட்டு ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்புறவங்க, அவங்க ரூம் வெப்பநிலை என்னன்னு முதல்ல பாருங்க.

இன்டெல் ஐ9-14900கே அதிகபட்சம் 253 வாட் வரைக்கும் இழுக்கும்னு இன்டெலே சொல்லுது. மேலே உள்ள கணக்கில் போட்டால் 63 டிகிரி ஏற்றம், நம்ம ஊர் ரூமில் 99. அதன் எல்லையே 100 தான். அந்த எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். இங்கே தடையைக் குறைக்கப் பெரிய ரேடியேட்டர் வாங்குவதில் நியாயம் இருக்கு.

ஆனால் கேம் ஆடும்போது பிராசஸர் முழு வாட்டையும் இழுப்பது அபூர்வம். கேமர்கள் விரும்பி வாங்குற ரைசன் 7 7800எக்ஸ்3டி-யை எடுத்துக்கோங்க. அட்டைப்பெட்டியில் 120 வாட் என்று இருக்கும். பெரும்பாலான கேம்களில் 80 வாட்டைக்கூடத் தாண்டாது. ஆனாலும் எழுபது டிகிரி, அதுக்கு மேலேன்னு காட்டும், பார்த்ததும் பதறிடுவோம். காரணம் கூலர் இல்ல. அந்த வெப்பத் தடை உண்மையில் தொடரிணைப்பில் இருக்குற ரெண்டு ரெசிஸ்டர். ஒண்ணு சிலிக்கானில் இருந்து பிராசஸரின் உலோக மூடி வரைக்கும். இன்னொண்ணு மூடியில் இருந்து காத்து வரைக்கும். உங்க காசு ரெண்டாவதை மட்டும்தான் குறைக்கும். 7800எக்ஸ்3டி-யில் சூடாகும் துண்டு சுமார் 70 சதுர மி.மீ., நம்ம கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அது போதாதுன்னு அதன் தலைமேல் கூடுதல் கேஷ் மெமரி அடுக்கு வேற. முதல் ரெசிஸ்டரே பெருசு. நல்ல டபுள் டவர் ஏர் கூலரில் இருந்து 360-க்கு மாறினால் சில டிகிரிதான் மிச்சம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் ஏஎம்டி அந்த அடுக்கைக் கீழே தள்ளிட்டாங்க. எந்தக் கூலரை மாத்தியும் தொட முடியாத இடத்தை அங்கே சிப் டிசைனே சரி பண்ணிடுச்சு.

"தண்ணி அவ்வளவு சூட்டைத் தாங்குமே?" என்று கேட்பீங்க. தாங்கும், ஆனா அதுல ஒரு ஏமாற்றும் இருக்கு. உள்ளே 200 மில்லி திரவம், தண்ணி மாதிரியே, என்று வெச்சா, ஒரு டிகிரி ஏற 836 ஜூல் வேணும். 200 வாட் கொடுத்தால், வெளியே எதுவும் போகலைன்னாகூட, ஒரு டிகிரிக்கு நாலு செகண்டுக்கு மேல ஆகும். அதனால ஒரு நிமிஷ பெஞ்ச்மார்க்கில் லிக்விட் கூலர் ஹீரோ மாதிரி தெரியும். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

அளவு பார்க்கும்போது நீளத்தை நம்பாதீங்க, பரப்பைப் பாருங்க. 240-ல் ரெண்டு 120 மி.மீ. ஃபேன், 28,800 சதுர மி.மீ. 280-ல் ரெண்டு 140 மி.மீ. ஃபேன், 39,200. 360-ல் 43,200. பேரைக் கேட்டால் 280, 240-க்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். கணக்கில் அது 360-க்குத்தான் பக்கம். உங்க கேபினெட்டில் 140 மி.மீ. துளைகள் இருந்தால் என் ஓட்டு 280-க்குத்தான்.

சூட்டைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. நாக்டுவா என்ஹெச்-டி15 ஏர் கூலர் ஃபேனோடு 1.3 கிலோ எடை, 165 மி.மீ. உயரம். உங்க கேபினெட்டின் அகலம் அதுக்கு இடம் கொடுக்காமல் போகலாம். லீவுக்கு லீவு ஹாஸ்டலில் இருந்து பிசியை பஸ்ஸில் தூக்கிட்டுப் போறவங்களுக்கு, அந்த எடை மதர்போர்டில் தொங்கிக்கிட்டே வருவதும் நல்லதில்ல. பிளெண்டர், வீடியோ ரெண்டர் என்று மணிக்கணக்கில் எல்லா கோரையும் ஓட்டுறவங்களுக்கும் லிக்விட் கூலர் சரிதான்.

அதுக்கு முன்னாடி பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கு. ரைசன் 9 7950எக்ஸ் சாதாரணமா 230 வாட் வரைக்கும் போகும். பயாஸில் ஈகோ மோடு 105 போட்டால் 142-க்குள் நின்னுடும். கேமில் வித்தியாசம் தெரியுதான்னு நீங்களே ஓட்டிப் பாருங்க. இன்டெலிலும் பவர் லிமிட்டைக் குறைச்சு வைக்கலாம்.

வாங்கிட்டீங்கன்னா மாட்டும் விதத்தில் கவனம். உள்ளே கொஞ்சம் காத்து இருக்கத்தான் செய்யும். அது மேலே போய்ச் சேரும். பம்ப் உச்சியில் இருந்தால் காத்து அங்கே போய் மாட்டும், கரகரன்னு சத்தம் வரும், பம்ப் சீக்கிரம் தேயும். ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்கணும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரையில் மாட்டுவதுதான் எளிது. முன்பக்கம் மாட்டினால் பிராசஸருக்குக் குளுமையான காத்து, கிராபிக்ஸ் கார்டுக்குச் சூடான காத்து.

ரப்பர் குழாய் வழியா திரவம் வருஷக்கணக்கில் துளித்துளியா ஆவியாகும். அதைக் குழாய்த் தண்ணி ஊத்தி நிரப்பலாம்னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. பல மாடல்களில் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ரெண்டுக்கும் நடுவில் தாது உப்புள்ள தண்ணி போனால் கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே கால்வானிக் அரிப்புதான். ஏர் கூலரில் ஃபேன் செத்தால் புது ஃபேன் மாத்தினால் போதும். இதில் பம்ப் செத்தால் முழு கூலரையும் மாத்தணும். அதனால பில்லை வாரண்டி முடியும் வரைக்கும் பத்திரமா வைங்க, ரேடியேட்டர் இடுக்கில் படியும் தூசியை மாசம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்க.