அந்தச் சிரிப்பு யாருடையது?

சாமராஜநகரிலிருந்து பக்தை ஒருவர் கேட்கிறார்: "ஏ.எல்.எஸ். நோயால் படுத்த படுக்கையாக இருக்கும் என் கணவர், தம் தாயாரின் திதியன்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனம் கல்லாகிவிட்டதா?"

இல்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். மூளையிலிருந்து முகத்திற்கும் தொண்டைக்கும் செல்லும் பாதைகள் பழுதுபடும்போது, உள்ளத்து உணர்ச்சிக்குச் சம்பந்தமின்றியே சிரிப்போ அழுகையோ பீறிடுவதுண்டு. கண்டிக்க வேண்டாம், பேச்சை வேறு திசையில் திருப்பினால் சற்று நேரத்தில் அடங்கும். மருத்துவரிடம் கூறினால் மருந்தும் கிடைக்கும்.

வேறொரு மாற்றம் இதைவிட ஆழமானது. நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதேனும் மாறுதல் தென்படுகிறது. பத்தில் ஒருவருக்காவது மூளையின் முன்பகுதியே தேய்கிறது. இவ்விரு நோய்களிலும் ஒரே புரதம் படிந்திருப்பதை 2006-இல் கண்டறிந்தனர். அக்கறையின்மை, பிடிவாதம், எரிச்சல், இனிப்பின்மீது அடங்கா ஆசை, உணவை அவசரமாக விழுங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அவசரம் ஆபத்து, புரையேறும். தட்டில் சிறிது சிறிதாகவே பரிமாறுங்கள். தம் மாற்றத்தை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. ஆகவே மைசூரிலோ பெங்களூரு நிம்ஹான்ஸிலோ மருத்துவரைக் காணும்போது, உறவினர் தனியாகச் சில நிமிடம் பேச வேண்டும். இரவில் மூச்சு குறைவதாலும் குழப்பமும் சிடுசிடுப்பும் வரும். அது மூச்சுக்கருவியால் பெரிதும் சீராகக்கூடியது. எல்லாவற்றையும் 'குணம் மாறிவிட்டது' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சுவேதகேது பதினைந்து நாள் உணவின்றி நீர் மட்டும் பருகினான். கற்ற வேதம் நினைவுக்கு வரவில்லை. உண்டதும் மீண்டது. மனம் அன்னத்தால் ஆனது என்று தந்தை அவனுக்கு விளக்கினார். மனமும் ஒரு கருவி. உடலைப் போல அதுவும் பழுதாகும். கருவி பழுதானதால் அதன் சாட்சியான ஆன்மா மாறிவிடுவதில்லை. நோயாளியின் கடுஞ்சொல்லைக் கேட்கும் வேளையில் இவ்வேதாந்தம் நினைவுக்கு வருவது எளிதன்று என்பதும் உண்மையே.

அன்னை ஸ்ரீசாரதாதேவி, மனநிலை பிறழ்ந்த தம் தம்பி மனைவியையும் அவள் மகள் ராதுவையும் பல்லாண்டுகள் பராமரித்தார். ஒருமுறை ராது வீசிய கத்தரிக்காய் அன்னையின் முதுகில் பட்டு வீங்கியது. ராதுவை மன்னிக்கும்படி அன்னை குருதேவரிடம் வேண்டினார். ஆயினும் ராதுவைப் பற்றி அன்னை சலித்துக்கொண்டதும் உண்டு. பராமரிப்பவர்கள் தங்கள் சலிப்பைப் பாவமென எண்ணி மறைக்கத் தேவையில்லை. உறவினரிடம் கூறி, வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உணவுக்குழாய், மூச்சுக்கருவி பற்றிய நோயாளியின் விருப்பத்தை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டறியுங்கள். சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்றுபெற வேண்டும். கை எழுத இயலாத நிலையை எட்டுமுன் இதைச் செய்வது நல்லது.