சலம் கட்டுப்படாமல் போகிறதா? கூச்சப்படாமல் இதை வாசியுங்கள்

இந்தக் கைநூலின் மற்றப் பக்கங்கள் காணி உறுதி, கூரைத் தகரம், கிணறு இறைத்தல், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்பவற்றைப் பற்றிப் பேசுகின்றன. மீள்குடியேற்றப் படிவம் கேட்காத ஒரு விடயத்துக்காக இந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். வட்டுக்கோட்டை, அராலி, சங்கரத்தைப் பக்கங்களில் வீடு வீடாகப் போகும்போது இதை எவரும் விறாந்தையில் இருந்து சொல்வதில்லை. பதிவெல்லாம் முடித்து நாங்கள் வெளிக்கிடும்போது படலையடி வரைக்கும் கூட வந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்: "பிள்ளை, எனக்குச் சலம் நிற்குதில்லை."

இப்படிச் சொன்னவர்களில் நான்கு பிள்ளை பெற்ற தாய்மார் உண்டு, முதியவர்கள் உண்டு, முள்ளந்தண்டில் செல் துண்டு பட்ட இருபத்தைந்து வயது இளைஞர்களும் உண்டு. தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். அது அப்படியல்ல. இது ஒரு வருத்தத்தின் அறிகுறி. பலருக்குக் குறைக்கலாம், சிலருக்கு முற்றாக மாற்றலாம். மாறாத இடத்திலும் நாறாமல், நனையாமல், நாலுபேருடன் இருந்து வாழ வழிகள் உண்டு.

என் அம்மம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்துகொண்டிருந்தபோது அவவும் எங்களோடு நடந்தா. அந்தச் சனநெரிசலில் ஒதுங்க இடமில்லை. மழை பெய்ததால் சேலை நனைந்ததை எவரும் கவனிக்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் அதைச் சொன்னா. அந்த இரவுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறப் பயந்தா, கோயிலுக்குப் போவதை விட்டா, மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் விட்டா. நாங்கள் வயது போய்விட்டது என்று நினைத்திருந்தோம்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

அவ செய்த அதே பிழையை முகாம்களில் பலர் செய்தார்கள். மலசலகூட வரிசைக்கும் இருட்டுக்கும் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், மணிக்கணக்காக அடக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் சிலரை விடவில்லை. தண்ணீர் குறைந்தால் சலம் தடித்து, மஞ்சளாகி, சலப்பையை அரிக்கும். முட்டு இன்னும் அடிக்கடி வரும், மணமும் கூடும், கிருமித்தொற்றும் வரும். மலம் இறுகிச் சலப்பையை அழுத்துவதும் ஒரு தொல்லை. வேறு காரணத்துக்காக வைத்தியர் குறைக்கச் சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தம்ளர் தண்ணீர் குடியுங்கள். அதைப் பகலிலே பரவலாகக் குடித்து, படுக்கைக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் நிறுத்துங்கள். குறைக்க வேண்டியது தேநீரும் கோப்பியும்தான். வெறுந்தேநீரும் சலப்பையை உசுப்பும் என்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காத செய்தி, ஆனால் உண்மை. முருங்கையிலை, வல்லாரை, பப்பாசிப்பழம் என வளவில் உள்ளவையே மலச்சிக்கலுக்கு உதவும்.

இருமும்போது, தும்மும்போது, தண்ணீர் வாளி தூக்கும்போது சொட்டுச் சொட்டாகப் போவது பெரும்பாலும் பிள்ளைப்பேற்றில் தளர்ந்த அடித்தசைகளால் வருவது. அந்தத் தசைகளைத் திரும்ப இறுக்கலாம். 1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் எழுதிப் பரவலாக்கிய பயிற்சி இது. சலத்தையும் வாயுவையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்ளே இழுங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம், மூச்சையும் பிடிக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் விட்டு, பத்துத் தடவை செய்யுங்கள். இதையே காலை, மத்தியானம், இரவு என மூன்று நேரமும் செய்யுங்கள். போகப்போகப் பத்து எண்ணும்வரை பிடிக்கலாம். சோறு வேகும்போது செய்யலாம், பஸ்ஸில் இருந்தும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதமளவு எடுக்கும். இரண்டு கிழமை செய்துவிட்டு "சரிவராது" என்று விட்டவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறோம்.

வேறு சிலருக்கு முட்டியவுடனே போய்விடும், கக்கூஸ் வரைக்கும் தாங்காது. இவர்கள் முட்டும்வரை காத்திராமல் நேரம் வைத்துப் போகவேண்டும். முதலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அது பழகிய பிறகு கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாகக் கூட்டி, மூன்று மணித்தியாலம் வரை கொண்டுவரலாம்.

வயது போன ஆண்களுக்குச் சலம் மெல்லப் போய், முடிந்த பிறகும் சொட்டினால் சலப்பையின் கீழுள்ள சுரப்பி வீங்கியிருக்கலாம். சலரோகமும் ஒரு காரணம். எங்கள் ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. சலத்தில் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, வயிறு முட்டியும் சலம் வராமை, திடீரெனக் கால்கள் சோர்ந்து ஆசனப் பகுதி விறைத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு

உங்களுக்குச் சலப்பை நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் குழாய் வைத்துச் சலம் எடுக்கவேண்டியிருக்கும். இரண்டு முறை உண்டு. ஒன்று, குழாய் உள்ளேயே இருந்து பையில் வடிவது. பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்கவேண்டும், நிலத்தில் முட்டக்கூடாது, குழாய் மடியக்கூடாது. வைத்தியசாலை சொன்ன திகதிக்குக் குழாயை மாற்றுங்கள். இடம்பெயர்வில் அந்தத் துண்டு தொலைந்திருந்தால் இப்போதே போய்ப் புதிய திகதி எடுங்கள். மற்றது, நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நீங்களே குழாயை விட்டு எடுத்துவிடுவது. 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜக் லபிடஸ் என்ற வைத்தியர், இதற்குச் சத்திரசிகிச்சைக்கூடச் சுத்தம் தேவையில்லை, சவர்க்காரமிட்டுக் கழுவிய கைகள் போதும், சலப்பையை நிறையவிடாமல் இருப்பதே முக்கியம் என்று எடுத்துக்காட்டினார். இதை ஒரு தாதியிடம் நேரில் பழகவேண்டும். வாசித்துவிட்டுச் செய்யாதீர்கள்.

ஒரு அபாயத்தைக் கட்டாயம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம் உள்ளவருக்குத் திடீரெனத் தலை வெடிக்கிறதுபோல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், குழாய் அடைபட்டு இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எண்ணுங்கள். அவரை நிமிர்த்தி இருத்தி, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, குழாயின் மடிப்பை எடுத்துவிடுங்கள். குறையாவிட்டால் ஓட்டோவோ வானோ எது கிடைத்தாலும் பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

துணியும் தோலும்

கடையில் விற்கும் பம்பஸ் விலை கூட. எங்கள் வீடுகளில் முன்னர் பயன்படுத்தியதே நல்லது: பழைய பருத்திச் சேலையையோ சாறத்தையோ நாலாக மடித்துத் தைத்த துணி. பத்துப் பன்னிரண்டு தைத்துவைத்தால் ஒரு நாள் கழுவலுக்கு இடைவெளி கிடைக்கும். பாயில் துணிக்கு அடியில் இறப்பர் சீற் விரியுங்கள். நனைந்த துணியை மூடியுள்ள வாளியில் போட்டு, அன்றைக்கே சவர்க்காரமிட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். கிணற்றுக் கட்டில் வைத்துத் துவைக்கவேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், ஊற்றிய அழுக்குத் தண்ணீர் விரைவாகக் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

நனைந்த ஒவ்வொரு முறையும் தோலைத் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மெல்லியதாக வசிலின் பூசுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். சிவந்த இடம் கண்டால் அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள்.

ஐந்து வயது தாண்டிய பிள்ளை, பல மாதம் நனைக்காமல் இருந்துவிட்டுத் திரும்பப் பாயை நனைத்தால் அடிக்காதீர்கள், பாயை ஊர் பார்க்க வேலியில் போடாதீர்கள். பிள்ளை கண்டது கொஞ்சமல்ல. சலத்தில் சீனியோ தொற்றோ உண்டா என்று ஒருமுறை பரிசோதித்துவிட்டு, பிறகு பொறுமையாக இருங்கள்.

யாரிடம் சொல்வது

உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். அவர் பெண், வீட்டுக்கே வருவார். அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் இல்லை. சங்கானை வைத்தியசாலையில் காட்டினால் தேவைப்படும்போது யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் "சலம் அடக்க முடியவில்லை" என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். 1847இல் இதே வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போன வைத்தியர் சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் உடற்கூற்று நூல்களையே தமிழில் ஆக்கினார். உடம்பைத் தமிழில் சொல்லிப் பழகிய ஊர் இது.

வெளியே போகும் நாளில் புறப்படுமுன் ஒருமுறை போய்விட்டு, மாற்றுத் துணி இரண்டும் ஒரு பொலித்தீன் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கருமையான சேலையோ சாறமோ கட்டினால் ஈரம் தெரியாது. கலியாணவீட்டுக்குப் போனால் கக்கூஸ் எங்கே என்று முதலில் கேட்டுவைத்துவிட்டு இருங்கள். திருவிழாவுக்கு ஓரமாக நின்று கும்பிடலாம். இதற்காக வீட்டிலேயே இருந்துவிடவேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. மலசலகூடம் கட்டும் உதவிக்கு உங்கள் பெயர் இருந்தால், வீட்டில் குந்த முடியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், இரவில் அவசரமாகப் போகவேண்டியவர் இருப்பதை எங்கள் களப் பணியாளரிடம் அத்திவாரம் வெட்டுமுன்னர் சொல்லுங்கள். உயர்ந்த இருக்கை, கைபிடிக் குழாய், சாய்தளம், வீட்டுக்குக் கிட்டிய இடம் ஆகியவற்றை அப்போது இலகுவாகச் செய்யலாம். கொங்கிறீற் இறுகிய பிறகு மாற்றுவது கஷ்டம்.