ரிப் பட்டியின் இழுவை

ஏற்காட்டில் கார்த்திகை பிறந்தால் என் தையல் மேசையில் ஸ்வெட்டர்கள் குவியத் தொடங்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் அதுதான். 1500 மீட்டர் உயரத்துப் பனியில் காலையிலேயே தோட்டத்தில் இறங்குபவர்களின் ஸ்வெட்டரில் உடம்புப் பகுதி நன்றாகத்தான் இருக்கும். செடிக்குள் கைவிட்டுக் கைவிட்டு மணிக்கட்டில் இழுபட்டுச் சுருங்கும் பின்னல் பட்டியான ரிப் மட்டும் பிய்ந்திருக்கும். அது தொளதொளத்துவிட்டால் குளிர் கைவழியே ஏறும். ரிப்பை மாற்றினால் அதே ஸ்வெட்டர் இன்னும் சில குளிர்காலங்களுக்கு உழைக்கும். தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமே வராது.

ரிப் துணி திருப்பூர்ச் சரக்கு. அங்கே கிலோ கணக்கில்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். வாங்குமுன் 10 செ.மீ. அளந்து பிடித்து, நன்றாக இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். 11-இல் நின்றுவிட்டால் எவ்வளவு மலிவானாலும் அது வேண்டாம். பருத்தி ரிப் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

கழுத்துப்பட்டிக்குக் கழுத்துச் சுற்றளவில் 85 சதவீதம், லைக்ரா கலந்திருந்தால் 80. கழுத்து 40 செ.மீ. என்றால் பட்டி 34, தையலுக்கு 2 சேர்த்து 36. இது தொடக்கக் கணக்குதான். பட்டியை வளையமாகப் பிடித்துத் தலையில் நுழைத்துப் பார்த்தே நான் முடிவு செய்வேன். சின்னக் குழந்தைகளுக்கு இது மிக முக்கியம், அவர்களுக்குக் கழுத்தைவிடத் தலை அவ்வளவு பெரிது. கைப்பட்டியில் மூடிய கை நுழைய வேண்டும். நுழைந்ததும் மணிக்கட்டைக் கவ்வ வேண்டும்.

பழைய ரிப்பை வெட்டுமுன், வெட்டும் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி உடைப் பக்கமாக ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே போகும்.

இனி மூட்டும் வேலை. அவசரப்படவே கூடாத இடம் இது. பட்டியை வளையமாக மூட்டி, இரண்டாக மடித்து, நான்கு சம பாகமாகக் குண்டூசி குத்துங்கள். கழுத்தையும் நான்காகப் பிரியுங்கள். தோள் தையலைக் கால்பங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்கழுத்து நீளம் அதிகம் என்பதால் கால்பங்குக் குறி தோளுக்குச் சற்று முன்னால்தான் விழும். மெஷினில் ரிப் மேலே, உடை கீழே. ரிப்பை மட்டும் இழுங்கள். உடையும் சேர்ந்து இழுபட்டால் தையல் நெளிந்துவிடும். முன்கழுத்து வளைவில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் பட்டி தூக்கிக்கொண்டு நிற்காமல் உடம்போடு படியும்.

முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி கட்டாயம். அது நூலை அறுக்காமல் கண்ணியை விலக்கி இறங்கும். ஓவர்லாக் இல்லாதவர்களுக்குக் குறுகிய ஜிக்ஜாக் போதும். சாதாரண நேர்த்தையல் தலை நுழையும்போதே அறுந்துவிடும்.

கடையில் வாங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக். அவற்றின் ரிப்பில் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் இழுவை போய்விடும், திரும்பி வராது. துவைத்ததும் கொடியில் தொங்கவிடாதீர்கள். இங்கே மூடுபனியில் எளிதில் காயாது. ஈரக் கனம் அத்தனை நேரமும் துணியைக் கீழே இழுக்கும். பாயில் விரித்துப் போட்டு, ரிப்பைக் கையால் ஒடுக்கிவிட்டுக் காயவையுங்கள்.